ஏழு பிள்ளைகளின் தவறுகளையும் நானே செய்தேன்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கோலாலம்பூரிலிருந்து வந்து, பையைக்கூட அறையில் வைக்காமல், மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, இன்னும் வெளிய யாருக்கும் காட்டல, மொதல்ல உங்களுக்குத்தான் காட்டுறேன்" என்றாயே, அப்போதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ காட்டி முடித்ததும் அடுப்பில் மீன் குழம்பு இருக்கிறது என்று எழுந்து போய், கொதிக்காத குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, அம்மாவுக்கு மகனை நினைத்துப் பெருமை என்று நினைத்துக்கொண்டாய். நான் வெங்காயம் என்றேன். வெங்காயத்தைக் காலையிலேயே நறுக்கி முடித்தாகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளின் பொய்யை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற டீச்சர், தன் பொய்யை மட்டும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன், பார்.

பெற்ற மகனை நான் தம்பி என்று கூப்பிடுவதைக் கேட்டு, உன்னோடு வேலை செய்யும் அந்தச் சீனப் பெண் என்னை உன் அக்கா என்று நினைத்துக்கொண்டாளாம். நீதான் சொல்லிச் சிரித்தாய். அவளுக்கும் இந்தக் கடிதத்தைப் படித்து அர்த்தம் சொல். உன் ஆபீசில் மற்றவர்களுக்கும் சொல். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் மூடி வைக்க வேண்டிய கடிதம் இல்லை. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன்னை அழைத்தேன். நீ "சாப்டீங்களாம்மா" என்று கேட்டதும், சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் அடுப்பைப் பார்க்க ஓட முடியாது. அடுத்த மாதம் எனக்குப் பணி ஓய்வு. என் வழியனுப்பு விழாவில் ஆடுவதற்குப் பிள்ளைகள் நடனம் பழகிக்கொண்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. அவர்கள் மாலை போடும்போது நான் எந்த முகத்தோடு நிற்பது என்று தெரியவில்லை.

உன் ஆபீஸ்காரர்களுக்குப் புரிவதற்காக எங்கள் பள்ளியைப் பற்றி நாலு வார்த்தை. ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகிற வழியில் உள்ளே திரும்பினால் ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரத் தோட்டம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து ஜனம் முக்கால்வாசி பட்டணத்துக்குப் போய்விட்டது. பள்ளி மட்டும் போகவில்லை. மொத்தப் பள்ளிக்கும் சேர்த்து ஒரு வேன், ஒரு கார் வாசலில் நின்றால் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஏழு பேர். உங்கள் ஆபீஸ் தயாரித்த பயிற்சிச் செயலி வந்தபோது ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு டேப்லெட் கிடைத்தது. பிள்ளைகள் அதைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டு போய்ப் பயிற்சி செய்ய வேண்டும், செய்தால் டீச்சர் பார்க்கிற டேஷ்போர்டுத் திரையில் பச்சை வட்டம், மூன்று நாள் செய்யாவிட்டால் சிவப்பு வட்டம். நல்ல ஏற்பாடுதான். செம்பனைக்கு நடுவே இருக்கிற வீடுகளில் லைன் கிடைக்காது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பள்ளியிலும் அலுவலக அறையையும் அதை ஒட்டிய சாமான் அறையையும் தாண்டி இணையம் வராது. மழை பெய்தால் அங்கேயும் வராது.

இரண்டாவது வாரமே ஏழும் சிவப்பு. பள்ளிகளை வரிசைப்படுத்திய ஒரு பட்டியல் தலைமையாசிரியையின் வாட்சாப்பில் வந்து விழுந்தது. எங்கள் பெயர் கீழே கிடந்தது. அவர் நல்ல மனுஷி, என்னைவிட வயதில் சின்னவர். அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, "டீச்சர், கோவிச்சுக்காதீங்க லா. பிள்ளைங்க கொறஞ்சுக்கிட்டே போறாங்க. இதுல செவப்பு வேற. நாளைக்கு எவனாச்சும் இத பாத்துட்டு பள்ளிக்கூடத்த மூடிரலாம்னு சொன்னா, நம்ம பிள்ளைங்க எங்க போவும்? என்னமாச்சும் பண்ணுங்க" என்றார். பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இதைப் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். என்னமாச்சும் என்றார், அவ்வளவுதான். அந்த என்னமாச்சுமை நான் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஏழு பேருக்கும் கடவுச்சொல் நான்தான் போட்டுக் கொடுத்தேன், மறந்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் ஒன்றே. அன்று பள்ளி விட்டு வேன் போன பிறகு, டேப்லெட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனேன். பழைய மேசை நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, முதலில் கவினாக நுழைந்து கணிதப் பயிற்சியை முடித்தேன். பிறகு தனுஷாவாக. பிறகு மற்ற ஐந்து பேராக. முக்கால் மணி நேரத்தில் ஏழு வட்டமும் பச்சை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டேன், நாடகம் பார்த்தேன், நன்றாகத் தூங்கினேன். உறுத்தலே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் இருந்தது.

அடுத்த வாரம்தான் எனக்கு உறைத்தது, ஏழு பேருக்கும் நூற்றுக்கு நூறு வந்தால் எந்த மடையனும் நம்ப மாட்டான். அதனால் தவறு செய்ய ஆரம்பித்தேன். இங்கேதான் உன் அம்மாவின் கெட்டிக்காரத்தனம். கவின் கழித்தல் கணக்கில் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கிவிட்டு, வாங்கியதை மறந்துவிடுவான், அதனால் அவன் பெயரில் நானும் மறந்தேன். தனுஷாவுக்குப் பொறுமை கிடையாது. கேள்வியைப் பாதி படித்ததும் பதிலை அழுத்திவிடுவாள், நானும் அப்படியே சட்டென்று அழுத்தினேன். இன்னொருவன் எல்லாம் தெரிந்தும் யோசித்துக்கொண்டே இருப்பான். அவன் கேள்விக்கு நான் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பதில் சொன்னேன். ஒரு நடிகைக்கு ஏழு வேடம் கிடைத்த மாதிரி இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தச் சாமான் அறையில் நான் சந்தோஷமாக இருந்தேன் தம்பி. என் பிள்ளைகளை எனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து செலவழிக்க வேண்டிய நேரத்தில் அவர்களைப் போல நடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வா. பழைய டேஷ்போர்டில் வட்டங்களும் மார்க்கும் மட்டும் இருந்தன, அது டீச்சர்களை மிரட்டத்தான் உதவியது, நான் அதை முழுக்க மாற்றிவிட்டேன் என்று சொல்லி நீ ஒரு பெயரைத் தொட்டாய். ஓர் அட்டை விரிந்தது. கவின், கழித்தலில் கடன் வாங்கியதை மறக்கிறார். தனுஷா, கேள்வியை முழுதாகப் படிப்பதில்லை. என் வகுப்பு அப்படியே திரையில் உட்கார்ந்திருந்தது. நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மத்த பள்ளிக்கூட டேட்டா எல்லாம் ஒரே கொழப்பம்மா. உங்க கிளாஸ்ல மட்டும்தான் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியா தெரியுறாங்க. அத வச்சுத்தான் இந்தக் கார்டையே டிசைன் பண்ணோம். டீச்சர்ஸ் இனிமே மார்க்க பாக்க மாட்டாங்க, பிள்ளைய பாப்பாங்க" என்றாய். பத்து வயதில் பட்டம் விட்டபோது இருந்த முகம் உனக்கு அப்போது. அடுத்த மாதம் இதை எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். நீ கண்டுபிடித்தது ஏழு பிள்ளைகளை இல்லை ஐயா, உன் அம்மாவை.

அதோடு விட்டாயா? மடிக்கணினியை மூடிக்கொண்டே, "எந்தப் பிள்ளையும் கடைசி வரிசையில தொலஞ்சு போவக் கூடாதும்மா" என்றாய். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் குத்தியது. நீ மூன்றாம் ஆண்டு படிக்கும்போது உனக்கு வகுப்பு ஆசிரியை நான்தான். சொந்தப் பிள்ளையை முன்னால் உட்கார வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று உன்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். கேள்வி கேட்டால் நீ பதில் சொல்லாமல் முழிப்பாய். அம்மாதானே என்ற திமிர் என்று நினைத்தேன். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு தண்டனை என்றால் உனக்கு இரண்டு கொடுத்தேன், என் நேர்மையை ஊருக்குக் காட்ட வேண்டுமே. ஒருநாள் மூன்று முறை கூப்பிட்டும் நீ திரும்பவில்லை என்று வந்து உன் இடது காதைப் பிடித்துத் திருகினேன். நீ அழவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தக் காதில்தான் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிய இன்னும் எட்டு மாதம் ஆனது.

அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. லாரி ஓட்டிவிட்டு வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்த உன் அப்பாதான், "இவன் ஏன் எப்பவும் டிவிய ஒரு பக்கமா திரும்பிக்கிட்டு பாக்குறான்?" என்று கேட்டார். பத்து காஜா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, வகுப்பில் பாடத்தைக் கவனிப்பதே இல்லை டாக்டர் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, நீங்கள் இவனுக்கு டீச்சரா அம்மாவா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் இரண்டும் என்றேன். வருகிற வழியில் நீ ஐஸ்கிரீம் கேட்டாய், வாங்கிக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது கேட்கிறேன். நீ இந்த வேலையை ஏன் இவ்வளவு வெறியோடு செய்கிறாய் என்று நீ சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

இனி யாழினியைப் பற்றி. இவ்வளவையும் எழுதுவது அவளுக்காகத்தான். என் ஏழு பேரில் அவளும் ஒருத்தி. தலையில் எண்ணெய் வழிய இரட்டைச் சடை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் எழுதிப் போட்டால் அதைப் பார்த்து என்னைவிட அழகாக எழுதுவாள். ஒரு முறை சொன்ன பாட்டை மறுநாள் பிசகாமல் ஒப்பிப்பாள். தொந்தரவு தராத பிள்ளை. தொந்தரவு தருகிற பிள்ளைகளைத்தான் டீச்சர்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருப்போம். சாமான் அறையில் யாழினியாக உட்காரும்போது அவளுக்கு என்ன தவறு கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்தை நினைத்துக்கொண்டு, வாசிப்பில் எல்லாமே சரியாகப் போட்டேன், கணக்கில் ஒன்றிரண்டு விட்டேன். உன் டேஷ்போர்டில் எங்கள் பள்ளியிலேயே வாசிப்பில் முதலாவதாக வந்த பிள்ளை அவள்தான்.

ஒருநாள் பெற்றோர் கூட்டத்துக்கான கடிதத்தை அவளிடம் கொடுத்து, சத்தமாக வாசித்துக் காட்டும்மா என்றேன். தாளைப் பார்த்தாள். தெளிவான குரலில், பள்ளியில் கூட்டுப்பணி இருக்கிறது, எல்லோரும் சனிக்கிழமை வர வேண்டும், மண்வெட்டி கொண்டு வர வேண்டும் என்று வாசித்தாள். அந்தத் தாளில் சனிக்கிழமையும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. போன கடிதத்தில் நான் படித்துச் சொன்னதை நினைவில் வைத்துச் சொல்கிறாள். நான் தாளைத் திருப்பி இன்னொரு வரியைக் காட்டினேன். அவள் விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு என் உதட்டைப் பார்த்தாள். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரு புது வரி வாசிக்க வரவில்லை. அவளைப் போல நடித்து அவளுக்கு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தவள் நான். நாளையிலிருந்து தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த நாளைக்கு ஒரு வாரமாகியும் வரவில்லை. விளையாட்டுப் போட்டி ஒத்திகை, எனக்குக் காய்ச்சல், பிறகு விடுமுறை. விடுமுறை முடிந்ததும் அவள் அப்பா வந்து நின்றார். ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு மாற்றுகிறோம் என்றார். உங்கள் செயலியில் மாணவரை வேறு பள்ளிக்கு மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பிள்ளையின் பதிவுகள் எல்லாம் கூடவே போய்விடும். அழுத்துவதற்கு முன்னால் ஆசிரியர் குறிப்பு என்று ஒரு கட்டம் வந்தது. நான் அதில் வாசிக்க வராது என்று எழுதியிருக்கலாம். எழுதினால் இத்தனை பச்சை எப்படி வந்தது என்று கேள்வி வரும். அமைதியான, நல்ல பிள்ளை என்று எழுதினேன். எனக்குப் பேர் மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் நான் எழுதுவது அதுதான். பொத்தானை அழுத்தினேன், அவள் என் திரையிலிருந்து போய்விட்டாள்.

போன வாரம் ஜெலாப்பாங் பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் என்னை அழைத்தார். நன்றி சொல்லத்தான். "டீச்சர், யாழினிய மாவட்ட வாசிப்புப் போட்டிக்கு எடுத்திருக்கேன். வந்து கொஞ்ச நாள்தான் ஆவுது, நானா இருந்தா கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். டேஷ்போர்டு அவ பேரத்தான் மேல காட்டிச்சு. நல்லா தயார் பண்ணி அனுப்பியிருக்கீங்க டீச்சர்" என்றார். சனிக்கிழமை பயிற்சி இருக்கிறது, முடிந்தால் வந்து பாருங்கள் என்றார். போனேன். மண்டபத்தில் அவள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். சார் கை தட்டினார். நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் கடைசி வரியை வாய் தாண்டி, அடுத்த பக்கத்தில் நாலு வரி போன பிறகுதான் தாளைத் திருப்பினாள்.

பிறகு கேண்டினில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சார் அந்தப் பக்கம் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். "டீச்சர், சார்கிட்ட சொல்லிறாதீங்க டீச்சர்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "இங்க எல்லாரும் எங்கூட வெளயாடுறாங்க. நான் கெட்டிக்காரின்னு சார் கிளாஸ்ல சொன்னாரு. கதைய பக்கத்து வீட்டு அக்கா படிச்சுக் காட்டினாங்க, நான் முழுசா மனப்பாடம் பண்ணிட்டேன்." போட்டியில் வேறு கதை கொடுப்பார்கள், அங்கேயே பிரித்து அங்கேயே வாசிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவள் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "இல்ல டீச்சர், இதான் குடுப்பாங்க. சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்" என்றாள். சார் திரும்பி வந்துகொண்டிருந்தார். சொல்லாதீர்கள் என்று அவள் கண் கெஞ்சியது. நான் சரி என்று தலையாட்டினேன். மறுநாள்தான் நீ மடிக்கணினியோடு வந்தாய்.

திங்கட்கிழமை மனசு கேட்காமல் அந்த சாரை அழைத்தேன். "சார், யாழினிக்குப் புது பக்கத்த வாசிக்க வராது சார், போட்டிக்கு வேணாம்" என்றேன். அவர் சிரித்தார். "டீச்சர், உங்களுக்கு ரொம்பத்தான் அடக்கம் லா. அஞ்சு மாச டேட்டா இருக்கு. நீங்க ஒங்க பிள்ளைங்கள இவ்ளோ கொறச்சு பேசலாமா? அவ வாசிச்சத நீங்களே பாத்தீங்களே" என்றார். அது மனப்பாடம் என்றேன். "கூச்சப்படுறா டீச்சர், மேடை ஏறினா சரியாயிரும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னிடம் இருபது வருடத்துக்கு முன்னால் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நானும் பிள்ளைக்குத் திமிர் என்றோ கூச்சம் என்றோதான் சொல்லியிருப்பேன். அவரை நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது, அந்த ஐந்து மாதமும் அவளாக உட்கார்ந்தது நான் என்று சொல்வது. வாயைத் திறந்தேன். சரி சார், பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் வந்தது.

அதற்கு மறுநாள் இன்னொரு கூத்தும் செய்தேன். கடவுச்சொல்தான் தெரியுமே, யாழினியாக உள்ளே நுழைந்து எல்லாக் கேள்விக்கும் தப்பாகப் பதில் சொன்னேன். அவள் வட்டம் சிவப்பானால் சார் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். நீ வைத்த ஏற்பாடு என்னைவிடக் கெட்டி. வழக்கத்துக்கு மாறான நாள், கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரி வந்தது. பிள்ளைக்கு ஒருநாள் உடம்பு சரியில்லாமல் போனால் அதை வைத்து எடை போடக் கூடாது என்று நீ நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் கட்டிய பொய்யை என்னாலேயே இடிக்க முடியவில்லை.

இன்று வியாழன். போட்டி வருகிற புதன்கிழமை. இரண்டு நாளாக எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. உண்மையைச் சொன்னால் உன் உழைப்பு போகும். தலைமையாசிரியை பதில் சொல்ல வேண்டி வரும். பள்ளியை மூட நினைக்கிறவர்களுக்கு நானே சாவியைக் கொடுத்த மாதிரி ஆகும். மிச்சமிருக்கிற ஆறு பிள்ளைகளை எந்த வேனில் ஏற்றி எங்கே அனுப்புவார்கள்? சொல்லாவிட்டால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி நூறு பேர் முன்னால் தெரியாத தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்பாள். அவளிடம் இருப்பது மனப்பாடமான வேறொரு கதை. அவள் அதைச் சொல்லத் தொடங்குவாள். முதலில் யாராவது சிரிப்பார்கள். அதற்கு மேல் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், "அவன்கிட்ட சொல்லு. அவன் உன்ன மாதிரி இல்ல" என்றார். ஆறுதலா திட்டா என்று இன்னும் தெரியவில்லை.

அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் டீச்சர் வாய் சும்மா இருக்காது, கேட்டுக்கொள். பிள்ளைகள் தருகிற எதுவும் அவ்வளவு சுத்தமாக இருக்காது. மற்ற பள்ளிகளின் டேட்டா குழப்பம் என்று சொன்னாயே, அவர்கள்தான் உண்மையைக் கொடுத்திருக்கிறார்கள், அங்கே போய்த் தேடு. டீச்சர்கள் பொய் சொல்கிறார்கள் என்றால் முதலில் அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேள். உன் திரையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியவில்லை என்று ஓர் ஆசிரியர் சொல்ல அதில் இடமே இல்லை. அப்படி ஒரு வட்டம், நிறமே இல்லாமல் வெறுமையாக, இருந்திருந்தால் யாழினிக்கு அதை அழுத்தியிருப்பேனா? சத்தியமாகச் சொல்கிறேன், முதல் வருடம் அழுத்தியிருக்க மாட்டேன், வெட்கம் விடாது. ஆனாலும் வை. என்னைவிடத் தைரியமான டீச்சர்கள் இருக்கிறார்கள்.

நான் சொன்னால் அந்த சார் நம்ப மாட்டார் தம்பி. திரை சொன்னால் நம்புவார். அதனால் இந்தக் கடிதத்தை முதலில் உன் ஆபீஸ் பெயரிலேயே அவருக்கு அனுப்பு, எண்ணைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பிறகு என் வகுப்பின் ஏழு பேருடைய பதிவையும் அழித்துவிடு. தலைமையாசிரியை எதையும் செய்யச் சொல்லவில்லை, செய்தது நான் மட்டும் என்று எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். என் வழியனுப்பு விழா நின்று போனால் போகட்டும், பிள்ளைகளிடம் நடனத்தை வேறு நிகழ்ச்சிக்கு ஆடச் சொல்லலாம். உன் வேலைக்கு என்ன ஆகும் என்றுதான் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது முறையும் உன்னைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன் என்று நினைத்தால், அப்படியே நினைத்துக்கொள்.

யாழினியிடம் நான் தலையாட்டிவிட்டு வந்தேன், இப்போது சொல்லிவிட்டேன். யார் காட்டிக்கொடுத்தது என்று அவள் கேட்டால் டீச்சர்தான் என்று சாரை மறைக்காமல் சொல்லச் சொல். என் மேல் அவளுக்குக் கோபம் வரட்டும். புதன்கிழமைக்கு முன்னால் யாராவது ஒருவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளுக்குத் தெரியாத ஒரு பக்கத்தைத் திறந்து, முதல் எழுத்திலிருந்து தொடங்கட்டும். என்றாவது ஒருநாள் அவள் என்னைத் திட்டி எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். பிழையில்லாமல் எழுத வேண்டாம், அவளே எழுதினால் போதும்.

அம்மா